தராசுக்காரருக்குப் பெண் பிறந்தாள்

இடது தோளில் குழந்தை. வலது கைச் சுண்டுவிரலில் என்னுடைய வெங்காயப் பை. மாடிப்படித் திருப்பத்தில் என்னை மறித்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, விரலை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறார் எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

"எவ்வளவுன்னு சொல்லிக் குடுத்தான் அக்கா?"

"ரெண்டு கிலோ."

"நூறு கிராம் கம்மி. திரும்பப் போய்க் கேளுங்க."

இத்தனை படி ஏறி வந்த பிறகு திரும்பப் போவதாவது! நூறு கிராம் வெங்காயத்துக்கு என் முழங்காலை விற்க நான் தயாராக இல்லை. ஆனால் மனிதர் விடமாட்டார். தன் வீட்டுக்குள் என்னைக் கூட்டிப்போய், மேசைமேல் இருக்கும் தராசில் பையை வைத்து, "முள்ளு நிக்கட்டும், முள்ளு நிக்கட்டும்" என்று என்னையும் மூச்சு விடாமல் நிற்க வைத்து, குறைவதைக் கண்ணால் காட்டிய பிறகுதான் வெங்காயத்துக்கு விடுதலை. இதில் எனக்கு வரும் கோபம் கடைக்காரன்மீதா இவர்மீதா என்று எனக்கே தெரியாது.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். மளிகைக் கடை, இரும்புக் கடை, கிடங்கு, மருந்துக் கடை என்று எங்கே எடை கோணலாகக் காட்டுகிறதோ அங்கே பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியோடு போய் நிற்பார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'தராசு'தான். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். கல்யாணமும் அந்த வழியாகவே வந்தது. அவர் மனைவி தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை. பார்சல் எடை போடும் தராசைச் சரிபார்க்க வந்த மனிதர், அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். "அந்தத் தராசுல ஒரு கோளாறும் இல்ல அக்கா. கோளாறு எல்லாம் இவருக்குத்தான்" என்று அந்தப் பெண் சொல்லும்போது இவர் அசடு வழிந்துகொண்டே கற்களைத் துடைப்பார்.

வெகுநாள் காத்திருந்து பிறந்த பெண். பிரசவ அறையிலிருந்து நர்ஸ் வெளியே வந்து எடையைச் சொன்னாளாம். உலகத்தில் மற்ற அப்பாக்கள் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். இவர் கேட்டது, "மெஷினை எப்பக் கடைசியா சரிபார்த்தீங்க?" அந்த நர்ஸ் இன்னும் வேலையில் இருக்கிறாளா என்று தெரியவில்லை.

வெங்காயத்துக்கும் பருப்புக்கும் அவ்வளவு துல்லியமாக எடை சொல்லும் அந்தக் கை, சொந்தப் பிள்ளையிடம் மட்டும் தோற்றுப்போனது. தூக்கிப் பார்ப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். "இவளைத் தூக்கினா மட்டும் ஒண்ணும் புரியல அக்கா. பயத்துல கனமே தெரிய மாட்டேங்குது" என்றார் என்னிடம். நானும் இரண்டு பெற்றவள்தான். அந்தப் பயம் எனக்குத் தெரியும், ஆகவே கிண்டலை அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

கை போனால் என்ன, கருவி இருக்கிறதே. தொட்டில் மாட்டுவதற்காக உத்தரத்தில் அடித்த கொக்கியில் தொட்டிலுக்குப் பதில் ஒரு வில் தராசு தொங்கியது. அதன் கீழே துணி ஏணை. பால் குடிப்பதற்கு முன்னால் ஒரு எடை, நடுவில் ஒரு எடை, குடித்து முடித்த பின் ஒரு எடை. நான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன நாட்களில் எல்லாம் இந்தக் காட்சிதான். குழந்தை அப்போதுதான் ருசி கண்டு, கண் சொருகி, கை விரல்களை விரித்துக் குடித்துக்கொண்டிருக்கும். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று இவர் வந்து தூக்கிக்கொண்டு போய் ஏணையில் போடுவார். அது வீறிட்டு அழும். ஏணை ஆடும், முள் ஆடும். "அழாதடி தங்கம், முள்ளு நிக்க மாட்டேங்குது பாரு" என்று அதனிடமே நியாயம் கேட்பார். முள் நின்று, எடை தெரிந்து, திரும்ப அம்மா மடிக்கு வரும்போது குழந்தை அழுத களைப்பில் தூங்கியிருக்கும்.

"குடிச்சுட்டுத் தூங்கிட்டா" என்பார் திருப்தியாக.

தடுப்பூசிக்குக் குழந்தைகள் டாக்டரிடம் போக வேண்டிய நாளில் அவர் மனைவி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். "இவரு அங்க வந்து என் மானத்தை வாங்குவாரு. நீங்களும் இருந்தா கொஞ்சம் அடங்குவாரு" என்றாள். அடங்குவார் என்று எந்த நம்பிக்கையில் சொன்னாளோ.

சுவரில் யானையும் பலூனும் வரைந்த கூடம். வரைந்தவர் யானை பார்த்ததில்லை போலிருக்கிறது. வரிசையாக பெஞ்சுகள், வரிசையாக அம்மாக்கள், ஒவ்வொரு மடியிலும் ஒரு ரகளை. நர்ஸ் எங்களை உள்ளே டாக்டர் அறைக்குக் கூட்டிப்போய், குழந்தையை எடை மெஷின் தட்டில் படுக்க வைத்தாள், எண்ணைப் பார்த்தாள், டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு குட்டையான அம்மாள். அதிர்ந்து பேசமாட்டார். "போன தடவைக்கும் இப்பவும் ஏறவே இல்லையேம்மா" என்றார்.

"மெஷின்ல தப்பு" என்றார் தராசு, ஒரு நொடி தாமதிக்காமல்.

"எங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்."

"எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான் டாக்டர்."

அவர் மனைவி என் கையைக் கிள்ளினாள். அதற்குள் இவர் பெட்டியைத் திறந்துவிட்டார். பெட்டி இல்லாமல் அவர் வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. கர்சீப்பால் பிடித்துத் தட்டின்மேல் ஒரு கல் வைத்தார். சரியாகக் காட்டியது. பெரிய கல்லை வைத்தார். சரியாகக் காட்டியது. தட்டின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தார், சின்னக் கற்களைச் சேர்த்து வைத்தார், மெஷினை அணைத்துப் போட்டார். வெளியே பெஞ்சிலிருந்த அம்மாக்கள் எழுந்து வந்து வாசலில் கூடிவிட்டார்கள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அந்த மெஷினுக்கு அவ்வளவு நல்ல பெயர் அதற்கு முன் யாரும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசிக் கல்லைப் பெட்டிக்குள் வைத்தபோது அவர் முகம் தொங்கிவிட்டது. மெஷின் சரி. அப்படியானால் குழந்தைதான் எடை ஏறவில்லை. தன் கையாலேயே அதை நிரூபித்துவிட்டு நின்றார், பாவம்.

"மெஷின் மேல தப்பு இல்லன்னா அப்ப என் மேலதான்" என்றாள் அவர் மனைவி. குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் பால் பத்தல டாக்டர். எனக்கு அப்பவே தெரியும்."

பார்க்கிறவர்கள் எல்லோரும் 'பால் போதுதா, பால் போதுதா' என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெண்ணைப் பாதி ஆக்கியிருந்தார்கள். அந்தக் கேள்வியை ஒருமுறை நானும் கேட்டவள்.

டாக்டர், "இப்பப் பசிக்குதுல்ல பாப்பாவுக்கு, இங்கேயே குடுங்க, பார்க்கலாம்" என்று ஒரு நாற்காலியைத் தள்ளிப்போட்டார். குழந்தை ஆசையாகப் பிடித்துக்கொண்டது. முழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே, "நல்லாத்தானே குடிக்கிறா. பாலும் நல்லாத்தான் வருது. அப்புறம் ஏன்..." என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நம் தராசு, தூக்கத்தில் நடக்கிறவர் போலப் போய், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வந்து தட்டில் வைத்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்டார் என்பார்களே, அது இதுதான்.

"என்ன சார் பண்றீங்க?"

"பாதி குடிச்சிருக்கா டாக்டர். பாதிக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு..."

"வீட்லயும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றாள் மனைவி.

குழந்தை கத்தியது, முகம் சிவந்தது, கத்திக் கத்தித் தட்டிலேயே கண் அசந்தது. டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு இவரை நன்றாகப் பார்த்தார். "சார், நீங்க சாப்பிட்டுட்டு இருக்கும்போது பாதியில தட்டைப் புடுங்கிட்டு, உங்களைத் தூக்கித் தராசுல உட்கார வச்சா, திரும்ப வந்து சாப்பிடுவீங்களா?"

தராசு உண்மையாகவே யோசித்தார். "தராசு சரியான தராசா இருந்தா சாப்பிடுவேன் டாக்டர்."

வாசலில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கடைசியில் வருகிற பால்தான் கொழுப்புள்ள பால், அதுதான் உடம்பில் ஒட்டும், அது வருவதற்குள் நீங்கள் பிள்ளையைத் தூக்கிவிடுகிறீர்கள், மிச்சத்தை அது அழுதே கரைத்துவிடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு தீர்ப்பு. "அடுத்த மாசம் வர்ற வரைக்கும் வீட்ல எடை போடவே கூடாது. அவளா வாயை எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அப்பவும் ஏறலன்னா புட்டிப்பால், ரத்த டெஸ்ட் எல்லாம் யோசிக்கலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் ஆரம்பித்தாள். "இத்தனை நாளா என் மேலதான் குறைன்னு நெனச்சு நான் அழுதுட்டு இருந்தேன்."

"நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லலையே. மெஷினைத்தானே சொன்னேன்."

"அதான். ஒரு தடவையாவது உங்களைச் சொல்லிக்கக் கூடாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் ஊரில் உள்ள மெஷின் அத்தனையையும் சந்தேகப்பட்டிருக்கிறார், மனைவியை மட்டும் சந்தேகப்படவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணவன் மனைவி சண்டையில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வில் தராசோடு வந்து நின்றார். "அக்கா, இதை நீங்க வச்சுக்குங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." வாங்கி அலமாரியில் வைத்தேன். மத்தியானமே வந்துவிட்டார்.

"அக்கா, கேஸ் சிலிண்டர்ல எடை குறையுதோன்னு சந்தேகம்."

"தம்பி, எனக்கு ரெண்டு காதும் குத்தியாச்சு. புதுசா குத்தாதீங்க."

போய்விட்டார். ஆனால் சும்மா இருக்கிற மனிதரா? குழந்தையை எடை போடக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னாரே தவிர, குழந்தையின் துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். காய்ந்த துணிக்கு ஒரு எடை, நனைந்த துணிக்கு ஒரு எடை. வித்தியாசம்தான் உள்ளே போய் வெளியே வந்த பால். அவர் மனைவி குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, வேலை மேசையில் பித்தளைக் கற்களுக்கு நடுவே நனைந்த துணிகள் வரிசையாக அடுக்கியிருந்தனவாம். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் காலிங் பெல் தானாக அடித்ததோ என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று. சும்மா சொல்லக் கூடாது, பால் குடிக்கும் நேரத்தில் அவர் கை நீளவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார், அங்கே தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

எடை போட முடியாத குறையை வளர்ச்சியில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார். அவருடைய அக்கா தினம் போன் பண்ணுவாள். "தலை நின்னுடுச்சா? முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? குப்புற விழுந்துட்டாளா? என் பையன் இந்த வயசுல விழுந்து எந்திரிச்சு நீச்சலே அடிச்சான்." போனை வைத்ததும் இவர் குழந்தையிடம் ஓடுவார். தலை நின்றதா என்று எப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்? தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கொண்டுவந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் இடது பக்கம் சாயுது அக்கா." கண்ணாடிக் குழலுக்குள் குமிழி இப்படியும் அப்படியும் ஓடியது. குழந்தையின் கண்ணும் கூடவே ஓடியது. திடீரென்று வாயை அகலத் திறந்து, சத்தம் போட்டுச் சிரித்தாள். அதுதான் அவள் சத்தம் போட்டுச் சிரித்த முதல் சிரிப்பு.

"என்னைப் பார்த்துச் சிரிச்சா" என்றார் கண் கலங்கி.

"ரசமட்டத்தைப் பார்த்து" என்றாள் மனைவி.

குப்புற விழுந்த கதை இன்னும் மோசம். அவர் மனைவி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவர் படிக்கட்டுக்கு ஓடிவந்து மேலே பார்த்துக் கத்தினார், "விழுந்துட்டா! பாப்பா விழுந்துட்டா!" குப்புற என்ற ஒரு சொல்லைச் சந்தோஷத்தில் விழுங்கிவிட்டார். அவள் ஈரத் துணியோடு உருண்டு புரண்டு இறங்கினாள். கீழ்வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் கையில் கரண்டியோடு போய்ப் பார்க்கிறேன், பாயின் நடுவில் குழந்தை குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, எங்கள் எல்லோரையும் யார் நீங்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கை தட்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு விழுந்த திட்டுக்கும் ஒரு எடை உண்டு, அதை அளக்கத்தான் கல் கிடையாது.

டாக்டரிடம் போகும் நாள் நெருங்க நெருங்க மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என் வெங்காயப் பையைக்கூட மறிக்கவில்லை. ஒரு சாயங்காலம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார்.

"கனமா இருக்காளா அக்கா?"

கை கடுத்தது உண்மை. ஆனால் என் வாயால் சொல்லிவிட்டு, அங்கே போய் வேறு மாதிரி ஆகிவிட்டால்? "என் கை தராசு இல்ல தம்பி" என்றேன்.

"ஏறலன்னா இவ அம்மா உடைஞ்சுடுவா அக்கா. இந்தத் தடவை மெஷினைச் சொல்ல முடியாது. நானே நல்ல மெஷின்னு சொல்லிட்டேன்." குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நாளில் கூடத்தில் உட்கார இடமில்லை. டாக்டருக்கு வேறு ஆஸ்பத்திரியில் அவசர வேலை, சீக்கிரம் கிளம்பிவிடுவார், கூப்பிட்டதும் வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். நாங்கள் மூலை பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டோம். தராசு உட்காரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எடை மெஷின் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு குழந்தையாக அதில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் இவர் உதடு அசைந்தது.

எங்கள் முறைக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை விழித்துக்கொண்டு பசியில் சிணுங்கியது. அவர் மனைவி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை பிடித்துக்கொண்டது. அந்த முழுங்கும் சத்தம் ஆரம்பித்த நேரத்தில்தான் நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அடுத்தது நீங்க. பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க, எடை போடணும்."

ஒரு மாதமாக அவர் எதற்குத் தவித்தாரோ அது கதவுக்கு அந்தப் பக்கம், நாலு எட்டில் இருந்தது. அவர் மனைவி பழக்கத்தில், குழந்தையின் வாயோரம் விரலை வைத்து விடுவிக்கப் போனாள்.

"இரு" என்றார். "எடுக்காத."

"கூப்பிடுறாங்களே."

"கூப்பிடட்டும்."

"சார், இப்ப விட்டா கடைசியாத்தான் வரணும். டாக்டர் கிளம்பிட்டா எனக்குத் தெரியாது" என்றாள் நர்ஸ். பக்கத்து பெஞ்சிலிருந்த அம்மாவைப் போகச் சொல்லித் தராசு கையைக் காட்டினார். அந்த அம்மா போனாள். அதற்கடுத்தவளும் போனாள். மனைவிக்கும் கூடத்துக்கும் நடுவில் இவர் கால்களை அகட்டி நின்றுகொண்டார், பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். குழந்தை ஒரு பக்கம் முடித்து மறுபக்கத்துக்கு மாறியது. கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது, முந்தானைக்குள் முழுங்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

டாக்டரே வெளியே வந்துவிட்டார், தோளில் பை, கையில் சாவிக்கொத்து. எங்களைப் பார்த்ததும் நின்றார். "என்ன சார், உங்களுக்கு இன்னிக்கு எடை வேண்டாமா?"

தராசு கழுத்தை மட்டும் திருப்பினார். ஒரு விரலை உதட்டின்மேல் வைத்து, மறு கையால் டாக்டருக்குப் பக்கத்து பெஞ்சைக் காட்டினார்.